தண்ணி மெசின் எத்தனை கட்டை?

போன கிழமை கிளிநொச்சியில் ஒரு புத்தகக் கடையில் நின்றபோது என் வலது கை தன்பாட்டில் தொடையில் தட்டத் தொடங்கிவிட்டது. ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு ஒரு தட்டு, ஒரு வீச்சு. இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு. கடையில் நின்ற பிள்ளை என்னைக் கவலையோடு பார்த்து, கை உளையுதோ என்று கேட்டது. வரைபுத்தாள் வாங்கப் போன நான் பக்கத்தில் கிடந்த மெல்லிய புத்தகமொன்றைப் புரட்டிவிட்டேன், அதனால் வந்த வினை. சாதாரண தரப் பிள்ளைகளுக்கான சங்கீதக் கலைச்சொற்கள். லகு, திருதம், அனுதிருதம் என்று தாளத்தின் அங்கங்களை வரிசையாகக் கண்டதும் கைக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது.

நான் கணித வாத்தியார். எனக்குப் பாட்டு வராது. இதை நான் அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. என் கலியாணத்துக்கு முன்னர் ஒருமுறை குளிக்கும்போது பாடினேன், பக்கத்து வளவுக்காரர் வந்து என்ன நடந்தது என்று விசாரித்தார். அப்படிப்பட்டவன் ஒரு தவணை முழுக்கச் சங்கீதம் படிப்பித்தேன் என்றால் நம்புவீர்களா?

அது பூநகரிப் பக்கம், ஜெயபுரம் தாண்டி, என்னுடைய முதல் நியமனம். பள்ளிக்கூடத்தில் புதுச் சீமெந்து மணமும் புதுத் தளபாட மணமும் இன்னும் போகாத காலம். சங்கீத ரீச்சர் பிரசவ விடுமுறையில் யாழ்ப்பாணம் போய்விட்டார். பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. சங்கீதத்துக்கு விண்ணப்பித்த ஏழு பிள்ளைகள் அந்தப் பாட நேரத்தில் மாமர நிழலில் சும்மா இருந்தார்கள். ஒருநாள் அதிபர் அம்மா என்னைக் கூப்பிட்டு, பாடத்தில் பாதி எழுத்துப் பரீட்சைதானே, அதையாவது பார்த்துவிடுங்கோ என்றார். நான் என் குரலின் வரலாற்றைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, புத்தகத்தை என் கையில் தந்தார்.

அது புத்தகமும் அல்ல, போட்டோப் பிரதி. சில பக்கங்களின் ஓரம் வெட்டுப்பட்டு, 'ஆரோக', 'அவரோக' என்று பாதியில் நின்றன. முதல் நாள் அதை வாசித்துக் காட்டினேன். தாளத்தின் லகு ஐந்து ஜாதிப்படும். அதற்கு மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்று எண்ணிக்கை வரும். தாளங்கள் ஏழு. வாசித்துக்கொண்டிருந்தவன் நின்றேன். ஏழு தர ஐந்து முப்பத்தைந்து! அடுத்த வரியில் 'ஆகவே தாளங்கள் முப்பத்தைந்து' என்று இருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. இது என்னுடைய வீடுதானே, வேறொரு வாசலால் வந்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்கள் எப்படி வந்தன என்று கரும்பலகையில் போட்டேன். ஸவும் பவும் அசையாது. ம இரண்டு வகை. ரிக்கும் கவுக்கும் நான்கு இடங்கள், அதில் இரண்டைத் தெரிவுசெய்தால் ஆறு விதம். த, நி இரண்டுக்கும் அதே கதை, இன்னொரு ஆறு. ஆறு தர ஆறு தர இரண்டு. சேர்மானம் என்று நான் உயர்தரத்துக்குப் படிப்பித்துக்கொண்டிருந்ததை யாரோ எப்போதோ பாட்டாக்கி வைத்திருக்கிறார்கள். சோக்குத்தூள் என் தலையெல்லாம். பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், ஆனால் எழுதினார்கள்.

கடபயாதி என்று ஒன்று உண்டு. ராகத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்துக்கும் எண் கொடுத்து, அவற்றைத் திருப்பிப் போட்டால் அந்த ராகம் எழுபத்திரண்டில் எத்தனையாவது என்று வந்துவிடும். மாயாமாளவகௌளை: மா ஐந்து, யா ஒன்று, திருப்பினால் பதினைந்து. மேசகல்யாணி அறுபத்தைந்து. எல்லாம் சரி. தீரசங்கராபரணத்துக்கு வந்தேன். த ஆறு, ர இரண்டு, திருப்பினால் இருபத்தாறு என்று பெரிதாக எழுதிக் கோடும் போட்டேன்.

தர்சிகா எழும்பினாள். வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை, அதிகம் கதைக்க மாட்டாள்.

"சேர், புத்தகத்தில இருபத்தொன்பது எண்டு கிடக்கு. உங்கட கணக்குப் பிழையோ, புத்தகம் பிழையோ?"

மூன்று தரம் செய்து பார்த்தேன். இருபத்தாறுதான் வந்தது. பாடசாலை விட்டதும் சங்கீத ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. விசயத்தைச் சொன்னதும் அவர் நன்றாகச் சிரித்தார்.

"தமிழில ஒரு த தான் சேர். வடமொழியில நாலு. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது எண்டு போகும். தீரவில வாறது நாலாவது த."

ஒன்பது, இரண்டு. திருப்பினால் இருபத்தொன்பது! அடுத்தநாள் முதல் பாடம் தொடங்கமுதலே அந்த வகுப்புக்குள் ஓடிப்போய்ச் சொன்னேன். தர்சிகா எழுத்து நான்கையும் கொப்பியில் எழுதி அடியில் இரட்டைக் கோடு போட்டாள்.

ஆனால் எண் இல்லாத சொற்களும் இருந்தன. அங்கேதான் நான் மாட்டுப்பட்டேன். சுருதி என்றால் பாட்டுக்கு ஆதாரமான ஒலி என்று பிரதியில் ஒரே ஒரு வரி. நான் வாசித்தேன். ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் சுருதிப் பெட்டி இல்லை. எனக்கே விளங்காததை எப்படி விளங்கப்படுத்துவது?

பின்வாங்கில் இருந்தவள் ஜெனிற்றா. தகப்பன் கடலேரியில் மீன்பிடித் தொழில். கோயில் பாடற்குழுவில் நல்ல பெயர், ஆனால் சங்கீதம் தனக்குச் சரிவராது, பரீட்சைக்கே போகமாட்டேன் என்று அந்தக் கிழமைதான் தாயிடம் சொல்லியிருந்தாளாம். அவள் இருந்த இடத்திலேயே மெல்லக் கேட்டாள்.

"சேர், ஞாயிறு கோயிலுக்குப் போகேக்க வள்ளத்தில பாடிக்கொண்டு போவன். மெசின் ஒரே சத்தத்தில நிண்டுகொண்டிருக்கும். அதுக்கு மேலதான் பாட்டு ஏறி இறங்கும். அப்பா வேகத்தைக் கூட்டினா நானும் பாட்டைத் தூக்க வேணும், இல்லாட்டி காதுக்கு ஒவ்வாது. அதுவோ சேர் சுருதி?"

பிரதியைத் திரும்ப வாசித்தேன். ஆதாரமான ஒலி. அந்த வரி அப்போதுதான் எனக்குத் தமிழில் விளங்கியது.

"ஓம், அதுதான்" என்றேன். பிறகு உண்மையையும் சொன்னேன்: "நானும் இப்பதான் படிச்சனான்."

மண்ணெண்ணெய் மணம் எங்கே வந்தாலும் எனக்கு அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் நினைவுக்கு வரும். பள்ளிக்கூட வேலிக்குப் பின்னால் தர்சிகா வீட்டு வயல். அங்கே வயலுக்கு இறைக்கும் தண்ணி மெசின் பின்னேரங்களில் ஓடும். ஏழு பேரும் வரம்பில் வரிசையாக இருந்து அந்த இரைச்சலுக்கு மேல் சரளி வரிசை பாடினார்கள். ரீச்சர் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன கீர்த்தனையையும் பாடினார்கள். ஜெனிற்றா தொடங்குவாள், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். சேறு, புகை, கொக்குகள், நடுவில் ஸ ரி க ம. ஆர்வம் தாங்காமல் நானும் ஒருநாள் சேர்ந்தேன். ஜெனிற்றா மரியாதையாக நிறுத்தி, "சேர், நீங்கள் தாளம் மட்டும் போடுங்கோ" என்றாள். போட்டேன். அதில் பிழை பிடிக்க ஒருவராலும் முடியவில்லை என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

செய்முறைப் பரீட்சை கிளிநொச்சியில். அன்று காலை பஸ் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டுத் தர்சிகாவின் தகப்பன் லான்ட்மாஸ்ரரில் பெட்டியைப் பூட்டி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பரந்தன் சந்திவரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் அந்த உழவு மெசினின் சத்தத்தைச் சுருதியாக வைத்துப் பாடிக்கொண்டே வந்தார்கள். வெள்ளைச் சட்டைகளில் செம்புழுதி. ஒருவரும் பயந்ததாகத் தெரியவில்லை. பயந்தவன் நான் ஒருவன்தான்.

பரீட்சை அறைக்கு வெளியே யன்னலோரம் நின்றேன். ஜெனிற்றாவின் முறை வந்தது. பரீட்சகர் அம்மா மேசையில் இருந்த மின்சாரச் சுருதிப் பெட்டியை இயக்கினார். அப்படியொன்றை அவள் அன்றுதான் முதன்முதல் கேட்கிறாள். வாயைத் திறந்தாள், மூடினாள்.

"கொஞ்சம் இறக்கி விடுவீங்களோ மிஸ்?"

எத்தனை கட்டையில் பாடுவீர் என்று அவர் கேட்டார். குரலின் உயரத்துக்கு அப்படியொரு கணக்கு இருக்கிறது. அது எங்கள் பிரதியின் வெட்டுப்பட்ட ஓரத்தில் போயிருந்தது. தெரியாது மிஸ் என்றாள். ஆனால் வெட்கப்பட்டு நிற்கவில்லை. கண்ணை மூடி, வயலில் ஓடும் மெசினை நினைத்து, 'ம்ம்' என்று ஒரே நிலையில் பிடித்தாள். பரீட்சகர் பெட்டியின் குமிழைத் திருகித் திருகிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் இரண்டும் ஒன்றாயின. அந்த அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஐந்து கட்டை. இனிப் பாடும் பிள்ளை."

அவள் பாடினாள். நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாளம் போட்டேன். வெளியே வந்தவள் என்னிடம் சொன்ன முதல் செய்தி, "சேர், எங்கட தண்ணி மெசின் ஐந்து கட்டையாம்!" ஏழு பேரும் வீதியோரத்தில் நின்று துள்ளினார்கள். நானும் துள்ளினேன், இப்போது நினைக்கக் கொஞ்சம் வெட்கம்தான்.

ஏழு பேரும் சித்தியடைந்தார்கள். தர்சிகாவுக்கு ஏ. ஜெனிற்றாவுக்கு பி; எழுத்தில் கொஞ்சம் விட்டுவிட்டாள், தாளக் குறியீடுகளில்தான், என்னுடைய பகுதியில். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. இப்போது மன்னாரில் ஒரு முன்பள்ளியில் இருக்கிறாள்.

போன வருடம் பரீட்சை மேற்பார்வைக்காக அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சங்கீதத்துக்குத் தனி அறை, இரண்டு ஆசிரியர்கள், ஆளுக்கொரு புத்தகம், ஓரம் வெட்டுப்படாமல். வாசலில் நின்ற என்னை இளம் ஆசிரியை உள்ளே கூப்பிட்டார். ஒரு பிள்ளையிடம் சுருதி என்றால் என்ன என்று கேட்டேன். எழும்பி, தடுமாறாமல், மூன்று வரியில் மிகச் சரியாகச் சொன்னது. கட்டையும் சொன்னது. எனக்கு மெய்யாகவே சந்தோசம். நான் சொல்லிக்கொடுக்க அந்த அறையில் ஒன்றும் மிச்சமில்லை.

எட்டுப் பேருக்கும் ஒன்றும் தெரியாமல், ஒவ்வொன்றாக, ஒரே நேரத்தில் தெரியவந்த அந்த மூன்று மாதங்கள் மட்டும் இனி எந்தப் பாடசாலையிலும் இல்லை.