பின் பெஞ்சில் தலைமையாசிரியை

என் மனைவி கணக்கு டீச்சர். அவள் வேலை பார்க்கிற பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில்தான் நான் வேன் ஓட்டுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். வேனைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் வந்தபிறகு, கைபிரேக் போட்டோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள். அதனால், புதிதாக வந்த தலைமையாசிரியை "நாளைக்கு உங்க வகுப்புல வந்து உக்காருதேன்" என்று அவளிடம் சொன்னதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மேலே உள்ளவர் வகுப்பில் வந்து உட்கார்ந்தால் குறை பிடிக்க வந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். பிள்ளை வளர்ப்புக்காகப் பல வருஷம் வீட்டில் இருந்துவிட்டு அவள் திரும்பச் சேர்ந்திருந்தாள். "சரிப்படலைன்னா நானே விட்டுட்டு வந்துருவேன், யாரும் போகச் சொல்ல வேண்டாம்" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

தலைமையாசிரியை நாற்காலி கேட்கவில்லை. பின் பெஞ்சில் பிள்ளைகளோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். சாயங்காலம் அவள் வேனுக்கு வந்ததும் கேட்டேன்.

"என்ன சொன்னாவ?"

"எத்தன பிள்ளையளுக்குப் புரிஞ்சிருக்கும்னு கேட்டாவ. எல்லாருக்கும்னேன். சிரிச்சாவ."

"எப்படிச் சிரிச்சாவ?"

"சிரிப்புல எத்தன வகை இருக்கு, வண்டிய எடுங்க."

விஷயம் இதுதான். அவள் பின்னக் கணக்கு நடத்தும்போது, "மேல இருக்கது தொகு..." என்று இழுப்பாள். வகுப்பே "தி" என்று கத்தும். "கீழ இருக்கது பகு..." என்பாள். அதற்கும் "தி". அவளுக்கும் அப்படித்தான் நடத்தினார்கள், எனக்கும் அப்படித்தான். தலைமையாசிரியைக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்திருக்கிறது. "உங்க வகுப்புல 'தி' தெரிஞ்சா பாஸ் டீச்சர்" என்றாராம்.

அடுத்த நாளே அவர் இவளைத் தன்னுடைய ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் உட்காரச் சொன்னார். "நான் எங்கெங்க இழுக்கேன்னு பாத்துச் சொல்லுங்க" என்றிருக்கிறார். போய்விட்டு வந்தவள் வேனில் ஏறியதும் சிரித்துக்கொண்டே இருந்தாள். "என்னையவிட மோசமா இழுக்காவ. சொல்லிட்டேன். தலையில கைய வச்சுட்டாவ."

அன்றிலிருந்து வாரத்தில் ஒரு பீரியட் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். அந்த நேரத்தில் இவளை வேறு வகுப்புக்கு அனுப்ப விடமாட்டார். யாராவது லீவு போட்டால் அந்த வகுப்புக்கு வேறு ஆளைத் தானே தேடிப் பிடிப்பார். பத்துக் குறை சொல்லவில்லை, ஒன்றே ஒன்று சொன்னார்: "கேள்விய முழுசா கேளுங்க. கேட்டுட்டு சும்மா நில்லுங்க."

சும்மா நிற்பதுதான் அவளுக்கு வரவில்லை. காலையில் பிள்ளைகள் ஏறுவதற்கு முன் காலி வேனில் என்னை வைத்துப் பழகினாள்.

"அரையும் காலும் சேர்ந்தா எவ்வளவு?"

நான் யோசித்தேன். அவளுக்குப் பொறுக்கவில்லை. "முக்கா..." என்றாள்.

"ல்" என்றேன்.

"பாத்தியளா, திரும்பவும் சொல்லிட்டேன்."

நானும் கூட்டத்தோடு வாயசைத்தே எட்டாம் வகுப்பு வரை வந்தவன். பரீட்சையைத்தான் தனியாக எழுத வேண்டியிருந்தது.

அந்த வாரம் வேனில் பிள்ளைகள் பேசிக்கொண்டது எனக்கு நல்லதாகப் படவில்லை. "அண்ணாச்சி, டீச்சருக்கு உடம்பு சரியில்லையா? கேள்வி கேட்டுட்டு எங்களையே பாத்துட்டு நிக்காவ." இன்னொன்று, "எங்கம்மா அடிக்கதுக்கு முன்னால அப்படித்தான் நிப்பா" என்றது.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை மறுபடி பின் பெஞ்சுக்கு வந்தார். நான் வேனை அந்த வகுப்பு ஜன்னலுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, டயரைப் பார்க்கிற மாதிரி குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"அரை பெருசா, மூணுல ஒண்ணு பெருசா? ஏன்?" அவள் குரல்தான். பிறகு சத்தமே இல்லை. பதிலை நீயே சொல்லிவிடேன் என்று டயரிடம் சொன்னேன்.

"மூணுல ஒண்ணு, டீச்சர்." வண்ணார்பேட்டையில் ஏறுகிற பிள்ளை. வேனில்கூட வாய் திறக்காது.

தப்பு என்பது எனக்கே தெரிந்தது. போச்சு என்று நினைத்தேன்.

"ஏன் அப்படித் தோணுது?" என்றாள் இவள்.

"மூணு பெருசுல்லா."

"ஏட்டி, மூணு பேருக்குப் பிரிச்சா உனக்குக் கொஞ்சம்தான கிடைக்கும்" என்றது ஒரு குரல். "ரெண்டு பேருன்னா பாதி கிடைக்கும்லா" என்றது இன்னொன்று. அப்புறம் யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. முட்டாயைப் பிரிப்பதில் தொடங்கிப் பரோட்டாவரைக்கும் போனார்கள். சந்தைக் கடை மாதிரி இரைச்சல். அதற்குள், "அப்போ அரைதான் பெருசு டீச்சர், நான் மாத்திச் சொல்லிட்டேன்" என்று அந்த வண்ணார்பேட்டைப் பிள்ளையே கத்தியது. பின் பெஞ்சிலிருந்து தலைமையாசிரியை சிரிக்கிற சத்தம் கேட்டது. அது எந்த வகைச் சிரிப்பு என்று எனக்கே புரிந்தது.

மணி அடித்ததும் அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, டயர்ல காத்து நல்லாத்தான் இருக்கு. உங்க வீட்டம்மா சண்ட மூட்டிவிடுததுல கெட்டிக்காரி."

சாயங்காலம் ஆற்றுப்பாலம் தாண்டும்வரை பொறுத்தேன். பின்னால் பிள்ளைகள் இன்னும் பரோட்டாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ வேலைய விடலையா?"

"எங்க விடுதது? அடுத்த வெள்ளிக்கிழமையும் பின் பெஞ்சுக்கு வரணும்னு அவியள்ட்ட சொல்லிட்டேன்."

"நீயாவா கூப்பிட்ட?"

"நானேதான். நீங்க டயர் பாக்க வர வேண்டாம்."