என் மனைவியை அடித்தவன்

கொடிகாமம் சந்தையில் மூட்டை சுமக்கத் தொடங்கி மூன்று லொறி வாங்கியவன் நான். நாலாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் என் முன்னால் குரல் உயர்த்திய ஆண்பிள்ளை இன்றுவரை கிடையாது. மறதி நோய் வந்த என் மனைவி மட்டும், யாரோ அந்நியன் வீட்டுக்குள் புகுந்துவிட்டான் என்று நினைத்து, தினமும் என்னை அடிப்பாள்.

ஒருநாள் மத்தியானம் ஊட்டிக்கொண்டிருந்தபோது சோற்றுக் கோப்பையைப் பிடுங்கி என் நெற்றியில் அடித்தாள். இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. நான் திருப்பி அறைந்துவிட்டேன். கதிரையோடு சரிந்தாள். உதடு வெடித்திருந்தது, ஆனால் அவள் பயப்படவில்லை.

"என்ரை மனுசன் வரட்டும். உன்ரை கையை முறிச்சுப்போட்டுத்தான் சோறு தின்பார்" என்றாள்.

அவளைத் தூக்கி இருத்திவிட்டு, கிணற்றடியில் முகம் கழுவி, வேறு சேட்டுப் போட்டுக்கொண்டு முன்வாசலால் வந்தேன்.

"இஞ்சாருங்கோ, வந்திட்டியளே? ஒருத்தன் எனக்கு அடிச்சுப்போட்டான்."

"எங்கை அவன்?"

"பின்னாலை நிப்பான். விடாதேங்கோ."

பின்வளவில் உரித்த தேங்காய்ப் பொச்சு அடைத்த மூட்டை ஒன்று கிடந்தது. உலக்கையால் அதை வெளுத்தேன். "ஐயோ, இனி அடிக்கமாட்டன்" என்று நானே கத்தினேன். உள்ளே அவள் கைதட்டிச் சிரித்தாள்.

"இன்னும் ரெண்டு போடுங்கோ."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

இப்போது மத்தியானத்தில் இதுதான் எங்கள் விளையாட்டு. மூட்டை அடிவாங்கி முடிந்ததும் அவள் சிரித்தபடி சாப்பிடுகிறாள். எனக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால், இனி அடிக்கமாட்டேன் என்று கத்துகிற இடத்தில் மட்டும் நான் நடிப்பதில்லை.