வெட்ட மறந்த வால்

போன வெள்ளிக்கிழமை என் பேத்தி செல்வி மத்தியானமே லேப்பிலிருந்து வந்துவிட்டாள். பையைக்கூட இறக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

“என்னட்டி, உன் பாக்டீரியாவுக்கு ஜுரமா?” என்றேன். வழக்கமாகச் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை.

ஐந்து வருடமாக அவள் ஆராய்வது வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியா. கை வைத்தால் கொப்பளிக்கும் சூட்டில் அது குடித்தனம் நடத்துகிறதாம். தாராவியில், தகரக் கூரைக்குக் கீழே மே மாதம் கழிக்கும் நமக்கு இதெல்லாம் ஒரு அதிசயமா?

அதற்குள்ளே ஒரு என்சைம். சரக்கு தயாரிக்கும் வரிசையில் முதல் வேலையாள் அதுதான். சரக்கு போதுமென்று ஆனதும், அந்தச் சரக்கே திரும்பி வந்து என்சைமை நிறுத்தும். வேலை செய்கிற வாயை அடைக்காது — தள்ளி, வேறொரு குழியில் போய் உட்காரும். என்சைம் லேசாக உடம்பை முறுக்கிக்கொள்ளும். வேலை நின்றுவிடும்.

இது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் சந்தில் இட்லி வியாபாரம். நாலு வீட்டில் மாவு அரைப்போம். விற்கப் போனவர் மிச்ச இட்லியோடு திரும்பினால் கிரைண்டர் பக்கம் போகமாட்டார். பாத்திரத்தை என் வாசலில் வைப்பார். நான் மூடியில் ரெண்டு தட்டு தட்டுவேன். நாலு கிரைண்டரும் நிற்கும்!

செல்வியின் என்சைம் மட்டும் நிற்கவே இல்லை. எவ்வளவு சரக்கைக் கொட்டினாலும் ஓடியது. சூட்டில் வாழ்கிற இதற்கு பிரேக்கே கிடையாது என்று தீசிஸ் எழுதிக்கொண்டிருந்தாள்.

“வால் ஆச்சி...” என்றாள்.

“எந்த வாலுட்டி?”

“என்சைமைத் தனியாப் பிடிச்செடுக்க ஒரு வால் ஒட்டுவோம்லா. பிடிச்சதும் வெட்டிரணும். ஒண்ணும் பண்ணாதுன்னு நான் வெட்டாம விட்டுட்டேன். அது அந்தக் குழிக்குள்ளயே போய் உக்காந்திருக்கு, சரக்கு உக்கார இடமே இல்ல. நேத்து வெட்டிப் பாத்தேன்... சரக்கு ஊத்துனதும் நின்னுட்டு.”

“அப்ப அஞ்சு வருஷமா நீ ஒட்டுன வாலத்தான் அளந்திருக்கன்னு சொல்லு!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

“ஆமா ஆச்சி. எல்லாம் வேஸ்ட். முதல்லேர்ந்து அளக்கணும். லேப்ல எனக்குக் குடுத்த டைம் இந்த மாசத்தோட சரி.”

நாம் ஒட்டிய பிடியை மறந்துவிட்டு, எதிராளியின் குணமே இதுதான் என்று எத்தனை பேரைப் பற்றி முடிவு கட்டியிருக்கிறோம்? என் மருமகள் வாயே திறக்கமாட்டாள் என்று இருபது வருடம் சந்தெல்லாம் சொன்னேன். திறக்க எங்கே விட்டேன்?

வெள்ளிக்கிழமை படுத்த செல்வி இன்னும் எழவில்லை. தலைமாட்டில் வைத்த இட்லி காய்ந்து கிடக்கிறது. லேப்பிலிருந்து வரும் போனையும் எடுப்பதில்லை. என் ஜோக்குகள் எதுவும் வேலை செய்யவில்லை.

ரெண்டு தட்டில் நாலு கிரைண்டரை நிறுத்தத் தெரிந்த எனக்கு, இவளை எங்கே தொட்டால் மறுபடி ஓடுவாள் என்று தெரியவில்லை.