உப்பு வெல்லம்

எங்கள் வீட்டில் பாயசத்துக்குத் திருக்கண்ணமுது என்று பெயர். என் நாத்தனார் வைத்தால் அது டம்ளரில் ஊற்றிக் குடிக்கிற பதத்தில் இருக்கும். பச்சரிசியை நெய்யில் வறுத்து, ரவையாக உடைத்து, பாலில் குழைய வேகவிட்டு, இறக்கிச் சூடு தணிந்த பிறகே வெல்லப்பாகை விடுவாள். அன்றைக்கு அதை அவளே வைக்க வேண்டும் என்பது அவள் அண்ணாவின், அதாவது என் வீட்டுக்காரரின், உத்தரவு.

கல்யாணமாகி ஒரே வருஷத்தில் அவளைத் திருவள்ளூருக்குக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுப் போனார்கள் புக்ககத்தார். சமைக்கத் தெரியவில்லையாம். எட்டு மாதம் கழித்து அன்றைக்கு அவள் மாமியார்க்காரியும் மாப்பிள்ளையும் சாப்பிட வருகிறார்கள். சாப்பாடு பிடித்தால் சாயங்கால ரயிலில் கையோடு அழைத்துப் போவார்கள். உனக்குப் போக இஷ்டமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. யாராவது கதவைப் படீரென்று சாத்தினால் அவள் உடம்பு தூக்கிப்போடுவதைத் தினமும் பார்த்த நானும் கேட்கவில்லை. நினைத்தால் இன்னும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

முதல் நாள் இவர் வெல்லம் வாங்கப் போனபோது நானும் கூட இருந்தேன். கடைக்காரர் ஒரு துண்டை உடைத்து நீட்டினார். "வாயில போட்டுப் பாத்துகினு வாங்கு சாமி. இந்தத் தடவ வந்த சரக்கு எப்பிடியோ இன்னாவோ."

இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பெருமாள் அமுது செய்யும் முன் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. கோயில் கைங்கர்யக் குடும்பம், கேட்க வேண்டுமா! கடைக்காரர் துண்டைத் தன் வாயிலும் போட்டுக்கொள்ளாமல் வெல்லத்தைக் கட்டிக் கொடுத்தார்.

எனக்குப் பிறந்த வீடு ஆர்.கே.பேட்டை. பின்பக்கம் கரும்பாலை. மறுநாள் காகிதத்தைப் பிரித்தால் வெல்லம் வியர்த்திருந்தது. உவர் நிலத்துக் கரும்பு என்றால் வெல்லம் இப்படித்தான் கசியும், கரிக்கும், பாலையும் திரித்துவிடும். சாப்பாட்டுக்கு அரை மணிகூட இல்லை. கூடத்தில் வந்தவர்களின் பேச்சுக்குரல். மாமியார்க்காரியின் குரல்தான் ஓங்கி இருந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு துணுக்கை நாக்கில் வைத்தேன். உப்பு.

சொன்னால் பெருமாளுக்குச் சமைக்கிற தளிகையறையில் எச்சில் பண்ணியதை ஒப்புக்கொள்ள வேண்டும். இவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து வைக்கச் சொல்வார். சொல்லாவிட்டால் அவள் வாழ்க்கை போய்விடும் என்று நினைத்தேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

அடுப்பருகே போய்க் குனிந்து சொன்னேன். "இந்த வெல்லத்தைப் போடாதே. கரிக்கிறது. நான் பார்த்துட்டேன். ஜீனி இருக்கு, எடுத்துத் தரேன்."

அவள் பால் பொங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் மன்னி. நேத்து ராத்திரியே நாக்கிலே வெச்சுப் பார்த்தேன்."

சொல்லிவிட்டு, உருளியை இறக்காமல், கொதிக்கக் கொதிக்க அவ்வளவு வெல்லத்தையும் போட்டாள். தடுக்கக் கை நீட்டினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணத்தில் மாலை போட்டுக்கொண்டு நின்ற பெண்ணை அந்த முகத்தில் காணோம். கையை இழுத்துக்கொண்டேன். பால் கட்டி கட்டியாகத் திரிந்து மஞ்சள் தண்ணீர் பிரிந்தது. அவள் மூடி போட்டுக் கொண்டுபோய் சந்நிதியில் வைத்தாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு சேவித்தார்.

மாமியார்க்காரி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தாள். மாப்பிள்ளை அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதையும் தள்ளினான்.

"எட்டு மாசமா இங்கே இதைத்தான் கத்துண்டாளா? நன்னாருக்கு போ. இங்கேயே இருக்கட்டும்."

அவர்கள் மூன்று மணி வண்டிக்கே கிளம்பிவிட்டார்கள். இவர் தங்கையை என்னென்னவோ சொன்னார். அதோடு நிற்காமல் என்னையும் சேர்த்துத் திட்டினார், கூட நின்று பார்த்துக்கொள்ளவில்லையாம். பல வருஷம் கழித்து, வெல்லத்தின் கதை கடைசிவரை தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார்.

பாத்திரம் தேய்க்கப் போகிறவளைப் போல அவள் உருளியை எடுத்துப்போய்க் கொல்லையில் உட்கார்ந்தாள். நான் பின்னாலேயே போனேன். மிச்சத்தை டம்ளரில் ஊற்றி, திரிந்த கட்டிகளோடு நிறுத்தாமல் குடித்தாள். இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டாள். வந்த நாளிலிருந்து அவள் எதையும் முழுசாகக் குடித்து நான் பார்த்ததில்லை.

"நன்னாதான் இருக்கு மன்னி," என்று எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள்.

வாங்கிக் குடித்தேன்.