கரையில் நீண்ட கை

நீச்சல் குளத்துக்குப் போய் நீந்தப் பழகியவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் பொறாமைதான். படி, கைப்பிடிக் கம்பி என்று சொகுசாக இறங்கி ஏறுகிறார்கள். நானும் என் கூட்டாளிகள் மூன்று பேரும் பழகியது ஏற்காட்டில், எங்கள் காபி எஸ்டேட்டின் தண்ணீர்த் தொட்டியில். பழம் பறிக்கும் மாதங்களில் காபிப் பழம் அலச அந்தத் தண்ணீர் போகும். மற்ற நாட்களில் மழைத்தண்ணீர் நிறைந்து சும்மா கிடக்கும். படி கிடையாது, சுவர் முழுக்கப் பாசி. இறங்குவது சுலபம். யாராவது கை கொடுக்காமல் ஏற முடியாது.

எனக்கு மூத்தவள் ஒருத்தி அந்தத் தொட்டியில்தான் மூழ்கிச் செத்தாள். அப்போது நான் கைக்குழந்தை. அவளுக்கு நன்றாகவே நீந்தத் தெரியுமாம். மேலே இழுக்கத்தான் கரையில் ஆள் இல்லை. அதன் பிறகு எஸ்டேட் தொழிலாளர்களான எங்கள் லைன் வீடுகளில் ஒரு சட்டம் வந்தது. தண்ணீரில் ஒருத்தி இருந்தால் கரையில் ஒருத்தி இருக்க வேண்டும். உள்ளே இருப்பவளைக் கை கொடுத்துத் தூக்கி வெளியே விட்ட பிறகுதான் அடுத்தவள் இறங்கலாம். எந்த வாலும் இதை மீறியதில்லை. சாப்பிடும் முன் கை கழுவுகிற மாதிரி பழகிப்போய்விட்டது.

சட்டம் இருந்தும் அம்மா என்னைத் தொட்டிப் பக்கம் விடவில்லை. அடுத்த வீட்டில் என் வகுப்புத் தோழி ஒருத்தி இருந்தாள், சரியான வாயாடி. அவள்தான் தினமும் வந்து அம்மாவை அரித்தெடுத்து, பிடித்த கையை விடமாட்டேன் என்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்து, என்னைக் கூட்டிப்போனாள். அம்மா அரை மனதாகத்தான் விட்டாள். நான் திரும்பும்வரை வாசலிலேயே நிற்பாள். தலை துவட்டிவிடும்போது அவள் கை நடுங்கும்.

எண்பதுகளில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பி.டி. டீச்சர் மாற்றலாகி வந்தார். நாங்கள் நீந்துகிற சங்கதி அவர் காதுக்குப் போய்விட்டது. என் தோழியின் வாய்தான், வேறென்ன. டீச்சர் எங்கள் நான்கு பேரையும் மாவட்டப் போட்டியின் ரிலேவுக்குச் சேர்த்துவிட்டார். ஒவ்வொருத்தியும் எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்பி வந்து சுவரைத் தொட வேண்டும். தொட்டதும் அடுத்தவள் குதிக்க வேண்டும். அம்மாவிடம் சம்மதம் கேட்க அவரே வீடு தேடி வந்தார்.

"இந்த ஒரு வாட்டிதானுங்க டீச்சர். நானும் கூட வாரேன். எம் மனசுக்கு ஒப்பலீன்னா அப்பறம் இவளத் தண்ணிப் பக்கமே உடமாட்டனுங்க," என்றாள் அம்மா.

சொன்னால் செய்கிறவள். கணக்கு எனக்கு வராது, பாட்டு வராது, பார்க்கவும் சுமார்தான். தண்ணீரில் மட்டும்தான் நானும் ஒரு ஆளாக இருந்தேன்.

மலையில் பிறந்தவர்கள் என்று பெயர்தான், பஸ் அடிவாரம் சேர்வதற்குள் இரண்டு பேர் வாந்தி. சேலத்துக் குளத்தைக் குனிந்து குனிந்து பார்த்தோம். தரை தெரிகிற தண்ணீர், அதுவும் வெதுவெதுப்பாக. அணிகள் குறைவு என்பதால் நேராக இறுதிப் போட்டிதான். அம்மா பார்வையாளர் படிக்கட்டில், முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்களில் முதலில் போனவள் சேலத்துப் பள்ளிக்கூட அணியின் டவுன் பிள்ளைக்குச் சமமாக வந்து சுவரைத் தொட்டாள். அடுத்து என் தோழி. குதிக்க வேண்டியவள் என்ன செய்தாள்? குனிந்தாள். தண்ணீரில் இருந்தவளின் கையைப் பிடித்து இழுத்து, பத்திரமாகக் கரையில் உட்காரவைத்துவிட்டு, அப்புறம் குதித்தாள்.

படிக்கட்டே சிரித்தது. டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். அட மடச்சி, என்று நானும் திட்டினேன். டவுன் பிள்ளை அதற்குள் நாலைந்து கை தூரம் போயிருந்தாள். டீச்சர் ஓடிவந்து, தூக்காதீர்கள், தொட்டதும் குதியுங்கள் என்று எங்கள் காதில் கத்தினார். மூன்றாமவள் அப்படியே செய்தாள். ஆனால் பதற்றத்தில் திரும்பி வரும்போது தண்ணீரைக் குடித்துவிட்டாள். இருமிக்கொண்டே வந்து சுவரைத் தொட்டாள்.

இப்போது நான் குதிக்க வேண்டும். கால் வரவில்லை. கீழே ஒருத்தி மூச்சுக்குத் திணறுகிறாள், அவளை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? மேலே அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்போது என் பக்கத்தில் தொப்பென்று யாரோ குப்புற விழுந்தார்கள். என் தோழி. ஈரம் சொட்டச் சொட்ட எங்கிருந்தோ ஓடிவந்து, படுத்தபடியே கீழே இருந்தவளின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"நீ குதி புள்ள. இவள நாம் புடிச்சிக்கிட்டேன்."

குதித்தேன். டவுன் பிள்ளை எனக்கு ஏழெட்டுக் கை முன்னால் இருந்தாள். எங்கள் தொட்டி சின்னது. நாலு கை போடுவதற்குள் சுவர் வந்துவிடும். அதனால் நீந்துவதைவிடச் சுவரை உதைத்துத் திரும்புவதுதான் எங்களுக்கு அதிகம் பழக்கம். எதிர்ச்சுவரை உதைத்த உதையில் தண்ணீருக்கடியிலேயே பாதி இடைவெளியைத் தின்றுவிட்டேன். தலை தூக்கியபோது அவள் கால் தெரிந்தது. அடுத்த மூச்சுக்கு இடுப்பு, அதற்கடுத்து தோள். அப்புறம் நான் மூச்சே விடவில்லை. கை சுவரில் மோதியது. ஜெயித்தது யாரென்று தெரியவில்லை. என் கூட்டாளிகள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து அழுததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஏறுவதற்குப் பக்கத்திலேயே இரும்பு ஏணி இருந்தது. அதற்குள் அம்மா வந்துவிட்டாள். விசில்காரர் தடுத்ததையும் கேட்காமல், நனைந்த தரையில் புடவையோடு மண்டியிட்டுக் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைத்தான் பிடித்தேன். அது நடுங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் என் தோழியைக் கேலி செய்து தீர்த்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னை எழுப்பிவிட்டு என் இடத்தில், அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போதுதான் அவளிடம் பேசினாள்.

"நாளைக்கும் தொட்டிக்கு இவளக் கூட்டிக்கிட்டுப் போ கண்ணு."

கோப்பை பள்ளிக்கூடத்தில் எங்கேயோ இருக்கும். அதன் பிறகு நான் எத்தனையோ தண்ணீரில் நீந்திவிட்டேன். அத்தனையும் அந்த வாயாடி எனக்குக் கொடுத்தது. அவளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

போட்டிக்கு மறுநாள் தொட்டியிலிருந்து ஈரத்தலையோடு திரும்பினேன். வாசலில் அம்மா இல்லை. பதறி உள்ளே ஓடினேன். அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.