நெற்றியைப் பார்த்து இறங்கிய அகப்பை

போன திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஒரு மீன் தலை என்னை உற்றுப் பார்த்தது.

பெரிய கெளுத்தி. மீசையோடு இருந்தது. எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க்குக்கும் இதே மீசைதான். வேறு இடமாக இருந்தால் பழக்க தோஷத்தில் ஒரு குட்மார்னிங் சொல்லியிருப்பேன். ஆனால் அது கிடந்த இடம் அப்படி. போன மாதம் இதே பக்கத்தில், 'ரங்கூனில் சுத்த சைவப் பலகாரம்' என்று நானே உங்களுக்கு சிபாரிசு செய்த கடையின் பலகைமேல் அல்லவா கிடந்தது!

வழக்கமாக வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். டிராம் வளைவுக்குப் பக்கத்தில், புளியமரத்தடியில் மா சேன் என்கிற பர்மியப் பெண்மணியின் மொஹிங்காக் கடை. மூன்று குட்டை ஸ்டூல், ஒரு பெஞ்சு, ஒரு பெரிய பானை, ஒரு சின்னப் பானை. அவ்வளவுதான் கடை. ஓர் அணாவுக்கு வயிறு நிறையும் என்று எழுதியிருந்தேன். அதில் மாற்றமில்லை. நிறைகிறது. எதனால் நிறைகிறது என்பதில்தான் கோளாறு.

'இவ்வளவு நாள் ரங்கூனில் குப்பை கொட்டுகிறாயே, மொஹிங்காவில் மீன் உண்டென்று தெரியாதா?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். என் தரப்பையும் கேளுங்கள்.

முதல் நாள் கிண்ணத்தில் என்ன பார்த்தேன்? நம் சேவை மாதிரி அரிசி நூல். அதன்மேல் கடலை மாவு கரைத்த குழம்பு. குழம்பில் மிதந்தது சாட்சாத் வாழைத்தண்டு! வாழைத்தண்டுக்குப் பக்கத்தில் மீன் இருக்கும் என்று எந்தத் திருநெல்வேலி சைவனுக்காவது தோன்றுமா? மேலே நொறுக்கிப் போட்ட பருப்பு வடை வேறு. எலுமிச்சம்பழம் வேறு. அவள் ஒரு வாத்து முட்டையைக் காட்டி, 'போடட்டுமா?' என்று சைகை செய்தாள். நான் பதறிக் கையை ஆட்டினேன். அவள் முட்டையைக் கூடையில் வைத்துவிட்டாள். சரி, இதிலிருந்த அசைவம் அதோடு போயிற்று, மிச்சமெல்லாம் சைவம் என்று நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன்.

வாசனை வரவில்லையா? வந்தது. இந்த ஊரில் மீன் வாசனை எங்கேதான் வரவில்லை? டிராமில் வருகிறது. துவைத்து உலர்த்திய வேட்டியில் வருகிறது. கிண்ணத்திலும் வந்தபோது அது ஊரின் வாசனை என்றே எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கப்பல் வருகிற நாளாகப் போனதால் ஆபீஸுக்குச் சீக்கிரம் கிளம்பினேன். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கடைக்குப் போனால்... மா சேன் வெந்த மீனை முள் எடுத்து, இஞ்சியும் மஞ்சளும் சேர்த்து இடித்துக்கொண்டிருக்கிறாள். இடித்ததை அள்ளிப் பெரிய பானையில் போட்டாள். கரைந்தே போயிற்று. இருந்த சுவடே இல்லை.

நான் அப்படியே திரும்பி நடந்தேன். பசியே இல்லை. வாசகர்களே, என் கவலை வயிற்றைப் பற்றி அல்ல. படுக்கையைப் பற்றி!

நான் தங்கியிருப்பது ஒரு சைவ மெஸ்ஸில். எந்தத் தெரு என்று சொல்லமாட்டேன். அதன் காரியதரிசியின் பெயரையும் சொல்லமாட்டேன். நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறோம். ரங்கூனில் அண்ணாச்சிகளுக்குப் பஞ்சமா, யாரென்று நீங்கள் கண்டுபிடிக்கப் போகிறீர்கள்! அந்த மெஸ்ஸுக்கு ஒரே சட்டம். மீனோ மாமிசமோ தொட்டவன் அன்று பொழுது சாய்வதற்குள் டிரங்குப் பெட்டியோடு வெளியேற வேண்டும். இந்த ஊரில் வேலை கிடைத்துவிடும். கால் நீட்டிப் படுக்க ஆறடி கிடைக்காது. போன வருஷம் ஒருவர் இருமலுக்கு மீனெண்ணெய் குடித்துவிட்டு மாட்டிக்கொண்டார். டாக்டர் சீட்டைக் காட்டி அழுதார். அண்ணாச்சி அவருடைய பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தார்.

மெஸ்ஸில் மதியமும் இரவும்தான் சாப்பாடு. காலை ஆகாரம் அவரவர் பாடு. அதற்காகத்தானே நான் ஊரெல்லாம் அலைந்து, எங்கே மலிவு, எங்கே ருசி என்று எழுதுகிறேன்? நான் எழுதியதைப் படித்துவிட்டு அண்ணாச்சியே மா சேன் கடைக்குப் போனார். பர்மியக்காரி கையால் சாப்பிடலாமா என்று யாரோ இழுத்ததற்கு, "கடலையே தாண்டியாச்சு வேய், கிண்ணத்தத் தாண்ட மாட்டமா?" என்றாராம். மறுநாள் நாலு பேரைக் கூட்டிப்போனார். இரண்டு வாரமாக மெஸ்ஸே அங்கேதான் காலைப் பலகாரம்.

போகும்போதெல்லாம் என்னிடம் அவருக்கு இரண்டு குறை.

ஒன்று, என் நெற்றி. "என்ன வேய், நெத்தி பாழாக் கெடக்கு? ஒரு துளி நீறு பூசினா ஒம்ம பேனா எழுதமாட்டேங்குதோ?" என்பார். வேர்வையில் கரைந்து லெட்ஜரில் சொட்டுகிறது அண்ணாச்சி என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அவர் நெற்றியில் மூன்று பட்டை, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல் பளிச்சென்று இருக்கும்.

இரண்டாவது, என் கிண்ணம். "ஒம்ம கிண்ணத்துலேருந்து வாற மணம் எங்கிண்ணத்துல வரலையே. எழுத்தாளருக்குத் தனிக் கவனிப்போ?" என்று எட்டி எட்டிப் பார்ப்பார். இதை நான் பெருமையாக வேறு எடுத்துக்கொண்டேன். பத்திரிகையில் எழுதினால் இப்படி மரியாதை கிடைக்கும் என்று நினைத்தேன்.

சரி, மீன் தலைக்கு வருவோம்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? முதலில் என் பெட்டி வாசலுக்குப் போகும். இரண்டாவது, இத்தனை வருஷம் கறைபடாத அண்ணாச்சியின் விரதம் என்னால் கெட்டது என்று ஆகும். மூன்றாவது, ஒரு பாவமும் அறியாத மா சேனுக்கு ஒரே நாளில் பாதி வாடிக்கை போகும். சொல்லாவிட்டால்? எல்லோரும் சௌக்கியம். ஆகவே சொல்லவில்லை. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு நாள் அந்தப் பக்கமே போகாமல், டல்ஹௌசி தெரு முனையில் ஒரு பாய் டீக்கடையில் காலைப் பொழுதைப் போக்கினேன். நல்ல டீ. ஸாஸரில் ஊற்றி உறிஞ்சினால்தான் அதற்கு ருசி. பக்கத்து ரொட்டிக் கிடங்கிலிருந்து சுடச்சுட பன் வரும். பன்னைக் கையில் எடுத்தால், அதற்குள்ளும் ஒரு மீசை தெரிகிற மாதிரி இருந்தது. "பாய், இதுல முட்டை கிட்டை போட்டிருக்கா?" என்றேன்.

"முட்டையப் போட்டு இந்த வெலைக்கு விக்க எனக்கென்ன கிறுக்கா?" என்றார் பாய். இதைவிடப் பெரிய உத்தரவாதம் எந்த சாஸ்திரத்தில் கிடைக்கும்? நிம்மதியாகத் தின்றேன்.

இப்படியே ஓட்டியிருப்பேன். ஆனால் புதன்கிழமை ஆடிக் கிருத்திகை வந்துவிட்டது. அண்ணாச்சி முருகனுக்கு முழு விரதம். பச்சைத் தண்ணீர் மட்டும். ராத்திரி சோர்ந்த குரலில் அறிவித்தார்: "நாளைக்குக் காலம்பற பாரணை மா சேன் கடையிலதான். எல்லாரும் வாங்க. ஊருக்கு வழிகாட்டிட்டு நீரு மட்டும் எங்கயோ பன்னு திங்கீராமே, நீரும் வாரும்."

முருகனுக்கு இருந்த விரதத்தை மீன் குழம்பில் முடிப்பதா? அதுவரை பொறுத்துக்கொண்டிருந்த மனசு இதைப் பொறுக்க மறுத்துவிட்டது. படுக்கை போனால் போகட்டும், காலையில் எழுந்ததும் சொல்லிவிடுவது என்று படுத்தேன்; கண் விழித்தபோது மெஸ் காலி.

வியாழக்கிழமை காலை நான் போய்ச் சேர்வதற்குள் ஐந்து பேரும் உட்கார்ந்தாயிற்று. அண்ணாச்சி கையில் கிண்ணம். கரண்டி வாய்க்கு ஒரு ஜாண் தூரத்தில். டிராம் பாதையைத் தாண்டி ஓடிக்கொண்டே கத்தினேன்:

"அண்ணாச்சி, சாப்பிடாதீங்க! அதுல மீன் இருக்கு! நானே என் கண்ணால பாத்தேன்!"

ஐந்து கரண்டியும் அந்தரத்தில் நின்றன. அண்ணாச்சி கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்போ... இத்தன நாளும்?" என்றார். அந்தக் குரலை நான் மறக்கமாட்டேன். 

மா சேன் ஓடிவந்தாள். "சயாஜி, என்ன ஆச்சு?" அவளுக்கு அண்ணாச்சி சயாஜி, பெரிய ஐயா. நான் வெறும் சயா. எனக்குத் தெரிந்த அரைகுறை பர்மியத்தில், மீன், பானை, இவர்கள் மீன் சாப்பிடாதவர்கள் என்று உளறிக் கொட்டினேன்.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "இவங்க சாப்பிடமாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? எங்கம்மா வாஸோ மாச விரதத்துல உயிர் கொன்ன எதையும் தொடமாட்டாங்க. அவங்களுக்குன்னு தனியா வைக்கிறதுதான் இந்தச் சின்னப் பானை. வெறும் பருப்பு. நெத்தியில வெள்ளை பூசின பெரியவங்க யார் வந்தாலும் இதுலேருந்துதான் ஊத்துறேன். இவங்க வந்த மொத நாள்லேருந்து அப்படித்தான்."

அந்தச் சின்னப் பானையை நான் தண்ணீர்ப் பானை என்றே நினைத்திருந்தேன். சாப்பாட்டுக் கடையில் என் கிண்ணத்தைத் தவிர வேறெதையும் பார்க்கிற பழக்கம் எனக்கில்லை.

"அப்ப எனக்கு?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டேன்.

"சயாவுக்கு நெத்தியில ஒண்ணுமில்லியே. அதனால பெரிய பானை. ருசிச்சுத்தானே சாப்பிட்டீங்க?"

முப்பது வருஷமாக ரங்கூனில் இருக்கும் அண்ணாச்சிக்கு பர்மியம் தண்ணீர்பட்ட பாடு. எனக்கு முழுசாகப் புரிவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ரத்தம் திரும்பியது. கரண்டி திரும்ப வாய்க்குப் போயிற்று. ஐந்து சுத்த சைவர்களும் மென்றுகொண்டே என்னைப் பார்த்தார்கள். ஊராரின் பாவத்தை ஒப்புக்கொள்ள ஓடிவந்தால், கடைசியில் பாவி நான் ஒருவன்தான்!

என் டிரங்குப் பெட்டி வாசலில் உட்கார்ந்திருக்கிற காட்சி கண்ணுக்குத் தெரிந்தது. அண்ணாச்சி கிண்ணத்தைக் காலி பண்ணி, வாய் துடைத்து, தீர்ப்புச் சொன்னார்.

"தெரியாமத் தின்னீரு. சரி. தன் எடம் போனாலும் போகட்டும்னு எங்கள நிறுத்த ஓடியாந்தீரு பாத்தீரா, அதுக்காக விடுதேன். ஆனா நாளையிலேருந்து நெத்தியில நீறு இல்லாம மெஸ் வாசல்படி தாண்டப்பிடாது."

சம்மதித்தேன். உண்மையில் அந்தக் கணத்தில் அவர் காலில் விழுந்திருப்பேன். படுக்கை தப்பியதே!

மறுநாளிலிருந்து மூன்று பட்டையோடு போகிறேன். சின்னப் பானை. எப்படி இருக்கிறது என்று கேட்கிறீர்களா? சைவமாக இருக்கிறது. அதற்குமேல் ஒன்றும் சொல்வதற்கில்லை. மா சேன் கடைக்கு இனிமேல் போகிற வாசகர்கள், அங்கே நெற்றியைப் பார்த்துத்தான் அகப்பை இறங்கும் என்பதை நினைவில் வைத்து, அவரவர் வசதிப்படி போகவும். என் பழைய சிபாரிசுக்கு இதுவே திருத்தம்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் நேற்றுக் காலை நல்ல மழை. மெஸ்காரர்கள் யாரும் வரவில்லை. நான் மட்டும் ஓலைத் தட்டிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி தனியாக, சொட்டச் சொட்ட நனைந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நெற்றி துடைத்துவிட்டாற்போல் காலி.

"மழை வேய். நீறெல்லாம் கரைஞ்சு போச்சு" என்றார். அவர் கக்கத்தில் குடை இருந்தது. மடித்துக் கயிறு கட்டியபடியே இருந்தது.

மா சேன் அவர் நெற்றியைப் பார்த்தாள். சற்று யோசித்தாள். அகப்பை பெரிய பானைப் பக்கம் போயிற்று. "அண்ணாச்சி..." என்று நான் வாயைத் திறந்தேன். பெஞ்சுக்கு அடியில் ஒரு கனமான பாதம் என் காலை அழுத்தி மிதித்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். என் படுக்கைக்கு இனி ஆயுசு பரியந்தம் ஆபத்தில்லை என்று தோன்றியது.

ஆனால் அண்ணாச்சி மிதித்தது காலைத்தான்... எழுதுகிற கை சௌக்கியமாக இருக்கிறது.