பின் சீட்டில் உட்கார்ந்தவள்

ஒரகடம் கார் கம்பெனியில் கதவு இடுக்கை விரலால் தடவிப் பார்ப்பது என் வேலை. நெடுந்தூரம் போக ஸ்போர்ட்ஸ் டூரிங் பைக் வாங்க நினைத்தபோதும் அதே புத்திதான். ஒரே பைக்கின் பழைய மாடலையும் புது மாடலையும் ஷோரூமில் மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்பவர்கள் எது நல்லது என்று பைக் வீடியோ அனுப்பிக் கழுத்தறுத்தார்கள்.

"ஒக்காந்து பாக்காம இன்னா தடவிக்கினே கீற?" என்று மனைவி எரிந்து விழுந்தாள்.

இரண்டையும் ஓட்டிப் பார்க்க அவளையே கூட்டிப்போனேன். புது வண்டியின் பின் சீட்டு குறுகல், உயரம் வேறு. என் சட்டையை இறுக்கிப் பிடித்தவள் வாயே திறக்கவில்லை. எனக்கே பயமாகிவிட்டது.

பழையதில் சீட்டு அகலம். படப்பை வருவதற்குள், என் அம்மாவைப் பற்றிக் காலையில் பாதியில் நிறுத்திய புகாரை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

அப்பாடா, வண்டி முடிவாகிவிட்டது என்று ஆக்சிலேட்டரைத் திருகினேன்.